மழை ஊட்டும் தீ: முதுமலையின் மழைச்சரிவும் காட்டுத்தீயின் வாய்ப்பும்

காட்டுத்தீயை வெப்பத்தோடும் வறட்சியோடும் மட்டும் இணைத்துப் பேசுவது பரவலான வழக்கம். வெப்பமும் வறட்சியுமே தீயைத் தீர்மானிப்பவையாயின் உலகில் மிகுதியாக எரிய வேண்டியது சகாரா. செடிகொடிகளின் திரளே தீர்மானிப்பதாயின் மிகுதியாக எரிய வேண்டியது அமேசான் மழைக்காடு. மனிதர் கை படாத நிலையில் இரண்டுமே அரிதாகத்தான் எரியும். முன்னதில் எரிவதற்குப் பொருளில்லை, பின்னதில் பொருள் குவிந்து கிடந்தும் அது காய்வதில்லை. ஆண்டுதோறும் பரந்த அளவில் எரிபவை இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட நிலங்களே. ஆண்டின் ஒரு பகுதியில் மழை பெய்து புல்லையும் இலையையும் வளர்த்துவிட்டு, மறுபகுதியில் அடியோடு நின்று அவற்றை உலர்த்திவிடும் பருவ ஒழுங்கு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் தீ குடியிருக்கிறது. ஆப்பிரிக்காவின் சவானாப் புல்வெளிகளும் வட ஆஸ்திரேலியாவும் இந்தியாவின் இலையுதிர் காடுகளும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இந்த உண்மையை ஆஸ்திரேலியச் சூழலியல் அறிஞர் ராஸ் பிராட்ஸ்டாக் 2010இல் நான்கு விசைகளாக வகுத்துரைத்தார். எரிவதற்குப் போதிய தாவரப்பொருள் இருக்க வேண்டும். அது எரியும் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். தீயைப் பரப்பும் காற்றும் வெப்பமும் அன்றைய வானிலையில் அமைய வேண்டும். ஒரு பொறி விழ வேண்டும். நான்கும் ஒருசேர இயங்கினாலன்றிப் பெருந்தீ உண்டாவதில்லை. எல்லா நிலங்களிலும் நான்கும் சமமான அருமை உடையவை அல்ல என்பதே இவ்வகுப்பின் பயன். ஓரிடத்தில் எப்போதும் திறந்தே கிடக்கும் விசை மற்றோரிடத்தில் பல்லாண்டுகளுக்கு ஒருமுறைதான் திறக்கும். ஆகவே ஒரு காட்டின் தீயைப் புரிந்துகொள்ள அக்காட்டில் எந்த விசை அரிதாகத் திறக்கிறது என்பதைக் கண்டாக வேண்டும்.

ஆஸ்திரேலியாவே இதற்குத் தெளிவான சான்றாக அமைகிறது. அந்நாட்டின் வறண்ட நடுப்பகுதியில் வழக்கமான ஆண்டுகளில் புல் அடர்த்தியின்றித் திட்டுத்திட்டாகக் கிடப்பதால் தீ தொடர்ந்து ஓட வழியில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் பெய்த பெருமழை அத்திட்டுகளுக்கு இடைப்பட்ட வெற்றுநிலத்தையும் புல்லால் நிரப்பியது. அது காய்ந்த 1974-75ஆம் ஆண்டுப் பருவத்தில் 10 கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் எரிந்தது. அதே நாட்டின் தென்கிழக்கில் ஈரமான தைலமரக் காடுகள் 2019-20 கோடையில் எரிந்ததற்குக் காரணம் இதற்கு நேர்மாறானது. அங்கே எரிபொருளுக்கு என்றும் பஞ்சமில்லை. அந்நாட்டின் பதிவேட்டிலேயே மிக வெப்பமான, மிக வறண்ட ஆண்டாக அமைந்த 2019 அவ்வெரிபொருளை உலர்த்தித் தந்தது. ஒரே நாட்டில் ஒரு பெருந்தீக்கு மழை காரணமாயிற்று, மற்றொன்றுக்கு மழையின்மை காரணமாயிற்று.

கண்டம் முழுவதும் விரிந்து கிடக்கும் இந்த முரண்பாடு, தமிழ்நாட்டின் ஒரு மூலையில் நாற்பது கிலோமீட்டருக்குள் சுருங்கிக் கிடக்கிறது என்பது வியப்புக்குரியது. நீலகிரி மாவட்டத்தின் வடக்கில், வயநாட்டுக்கும் பந்திப்பூருக்கும் நடுவில் அமைந்த முதுமலைக் காட்டில் தென்மேற்குப் பருவமழை மேற்கிலிருந்து நுழைந்து கிழக்கே செல்லச் செல்ல வலுவிழக்கிறது. கேரள எல்லையை ஒட்டிய மேற்குப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 மில்லிமீட்டர் பெய்யும் மழை, மசினகுடிக்கு அப்பால் மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய மழைமறைவுப் பகுதியில் 700 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. மழை குறையும் வரிசையிலேயே காடும் மாறுகிறது. மேற்கில் ஈர இலையுதிர் காடும் அதற்கிடையே பசுமை மாறாத மரக்கூட்டங்களும், நடுவே தேக்கும் மருதும் நெல்லியும் அடியில் ஆளுயரத் தெமடாப் புல்லும் கொண்ட வறண்ட இலையுதிர் காடும், கிழக்கில் குட்டையான முள்மரங்களும் நடுநடுவே வெற்றுத்தரையும் தென்படும் முட்காடும் அமைந்துள்ளன. இந்திய அறிவியல் நிறுவனம் 1988 முதல் 50 ஹெக்டேர் ஆய்வுப் பரப்பை அமைத்து மரங்களைத் தொடர்ந்து அளந்துவரும் காடு என்பதால், இதன் தீயைப் பற்றிய அறிவும் பிற இந்தியக் காடுகளைவிட மிகுதி.

இங்குள்ள மழைக்கும் தீக்கும் உள்ள உறவைப் பார்ப்பதற்கு முன், உலர்தல் என்னும் நிகழ்வின் இயல்பைச் சற்றே விரித்துரைக்க வேண்டும். காட்டில் எரிவது பெரும்பாலும் மரம் அன்று. தரையில் கிடக்கும் சருகும் காய்ந்த புல்லும் சுள்ளியுமே முதலில் எரிகின்றன. உயிரற்ற இப்பொருள்கள் தம்மைச் சூழ்ந்த காற்றிலிருந்து ஈரத்தை ஏற்பதும் இழப்பதுமாக இருப்பவை. மெல்லிய சருகும் புல்லும் காற்றின் ஈரநிலைக்கு ஓரிரு மணிநேரத்தில் இசைந்துவிடும். விரற்கடை பருமனுள்ள சுள்ளிக்கு ஏறத்தாழ அரைநாள் வேண்டும். தொடைப்பருமனான கட்டைக்கு வாரக்கணக்கில் ஆகும். இதனால் காலையில் பனியில் நனைந்து எரிய மறுக்கும் அதே புல் பிற்பகலில் ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்கிறது. பொருளில் உள்ள நீர் ஆவியாகி முடியும்வரை அதன் வெப்பநிலை தீப்பற்றும் நிலைக்கு ஏறாது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 2,260 கிலோஜூல் ஆற்றல் செலவாகிறது. சருகின் எடையில் நீரின் பங்கு குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது, எரியும் சருகு தரும் வெப்பம் அடுத்த சருகை உலர்த்தவே போதாமல் தீ தானாக அணைகிறது. பெரும்பாலான தரைப்பொருள்களுக்கு இந்த எல்லை 15 முதல் 30 விழுக்காட்டுக்குள் அமையும்.

காற்று எவ்வளவு வேகமாக உலர்த்தும் என்பதைச் சார்பு ஈரப்பதம் மட்டும் காட்டிவிடாது. காற்று ஏற்கக்கூடிய நீராவியின் உச்ச அளவுக்கும் அதில் உள்ளபடி இருக்கும் நீராவிக்கும் இடையிலான வேறுபாட்டை நீராவி அழுத்தப் பற்றாக்குறை என்பர். உலர்த்தும் ஆற்றலின் உண்மையான அளவுகோல் இதுவே. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சார்பு ஈரப்பதம் 50 விழுக்காடாக இருக்கும்போது இப்பற்றாக்குறை ஏறத்தாழ 1.2 கிலோபாஸ்கல், 35 டிகிரியில் அதே 50 விழுக்காட்டுக்கு அது 2.8 கிலோபாஸ்கல். வானிலை அறிக்கையில் ஈரப்பதம் மாறாதிருக்க, காற்றின் தாகம் இரு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு உயர்கிறது என்னும் இயற்பியல் விதியே இதன் அடிப்படை. புவி வெப்பமாதல் தீயோடு தொடர்புகொள்ளும் முதல் வழியும் இதுவே.

தாவரம் இந்த உலர்தலுக்கு வெறும் இரையாக இருப்பதில்லை. அதுவே உலர்தலின் சூழலையும் அமைக்கிறது. கோடையில் நீரிழப்பைத் தவிர்க்கவே இலையுதிர் மரம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இலைகளை உதிர்க்கிறது. மரத்துக்கு அது தற்காப்பு. காட்டுக்கோ அது எரிபொருளைத் தரையில் பரப்புவதோடு கூரையையும் திறந்துவிடுவது. வெயில் நேரே தரையில் விழுகிறது, காற்று தடையின்றி உள்ளே நுழைகிறது, நிழலில் நாள்கணக்கில் ஈரமாகக் கிடந்திருக்க வேண்டிய சருகு மணிக்கணக்கில் காய்கிறது. பசுமை மாறாக் காட்டில் இதே வெயில் இலைக்கூரையின் மேலேயே தடுக்கப்படுவதால் அடித்தளத்தில் ஈரம் தங்குகிறது. அத்தகைய காட்டில் சாலைக்காகவோ மரத்துக்காகவோ கூரையை ஓரிடத்தில் கிழித்துவிட்டால், அதுவரை எரியாத நிலம் எரியத்தக்கதாகிவிடுகிறது. அமேசானின் விளிம்புகளில் நடந்துவருவது பெரும்பாலும் இதுவே.

இனி முதுமலையின் கணக்கு. 1990 முதல் 2010 வரை ஒவ்வோர் ஆண்டும் எரிந்த பரப்பையும் அந்தந்தப் பருவத்தின் மழையையும் ஒப்பிட்டு நந்திதா மோண்டலும் ராமன் சுகுமாரும் மேற்கொண்ட ஆய்வு 2016இல் வெளியானது. காடு முழுவதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால், ஓராண்டில் எரியும் பரப்பு பருவமழையையும் முந்திய ஆண்டில் எரிந்த பரப்பையும் சேர்ந்தே சார்ந்திருந்தது. மழையளவின்படி காட்டை நான்கு பகுதிகளாகப் பிரித்தபோதுதான் சுவையான வேறுபாடு தெரியவந்தது. மிக ஈரமான பகுதியில் தீயை முடிவுசெய்தது கோடையின் தொடக்கத்தில் பெய்யும் மழை. அதாவது எரிபொருளின் ஈரம். மிக வறண்ட பகுதியில் மேலோங்கி நின்றது அதற்கு முந்திய மழைக்காலத்தின் மழை. அதாவது எரிபொருளின் அளவு. மேற்கில் புல்லும் சருகும் எந்த ஆண்டிலும் போதுமான அளவு உண்டு, அவை காயுமா என்பதே கேள்வி. கிழக்கில் எல்லா ஆண்டும் காய்கிறது, எரியப் போதுமான அளவு விளைந்ததா என்பதே கேள்வி. போதாததற்கு, அங்குள்ள புல்லில் ஒரு பங்கை மசினகுடிப் பக்கத்து மாடுகளும் மேய்ந்துவிடுகின்றன. நல்ல பருவமழை மேற்கில் அச்சத்தைப் பெரிதும் கூட்டுவதில்லை, கிழக்கில் கூட்டிவிடுகிறது. ஆகவே 'வறட்சி ஆண்டு, ஆதலால் தீ ஆண்டு' என்னும் சூத்திரம் ஒரே புலிகள் காப்பகத்துக்குள்ளேயே ஒருபுறம் பொருந்தி மறுபுறம் பிழைக்கிறது.

முந்திய ஆண்டின் தீ இக்கணக்கில் ஏன் இடம்பெறுகிறது என்பதற்கு விடை நேரானது. எரிந்த நிலத்தில் அடுத்த கோடைக்குள் சேரும் எரிபொருள் எரியாத நிலத்தில் ஈராண்டு, மூவாண்டு தேங்கிய எரிபொருளைவிடக் குறைவு. தீயை முற்றாகத் தடுப்பதில் வெற்றிபெறும் ஆண்டுகள் வருங்காலத் தீக்கு எரிபொருளைச் சேமித்துவைக்கின்றன என்னும் வாதத்துக்கு இதுவே அடிப்படை. ஆனால் புல் மிகுந்த காடுகளில் ஒரே மழைக்காலத்தில் புல் பழைய அளவுக்கு மீண்டும் வளர்ந்துவிடக்கூடும் என்பதால், அமெரிக்காவின் ஊசியிலைக் காடுகளுக்குரிய இவ்வாதத்தை இந்தியக் காடுகளுக்கு அப்படியே பெயர்த்து நடுவது பொருந்தாது.

பந்திப்பூரில் 2019 பிப்ரவரியின் நான்காம் வாரத்தில் 4,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட காடு எரிந்த நிகழ்வு மேற்கூறிய ஒழுங்கை நினைவூட்டுவது. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 2018 ஆகஸ்டில், மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழை கேரளத்தை வெள்ளக்காடாக்கியது; அதை அடுத்து வந்த வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிடக் குறைந்தது. பெருக வளர்த்த ஒரு பருவமும் முன்கூட்டியே உலர்த்திய ஒரு பருவமும் அடுத்தடுத்து அமைந்தன. ஒரே நிகழ்வைக் கொண்டு காரணத்தை நிறுவிவிட முடியாது என்பதும், பொறி மனிதக் கையால் விழுந்ததென்றே கருதப்பட்டது என்பதும் உண்மையே. எனினும் பொறி எல்லா ஆண்டுகளிலும் விழுகிறது; 4,000 ஹெக்டேர் எல்லா ஆண்டுகளிலும் எரிவதில்லை.

பொறியைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வட அமெரிக்காவின் வடகாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் மின்னல் பெருந்தீக்குக் காரணமாவது உண்டு. தென்னிந்தியாவில் இடிமின்னல் பெரும்பாலும் மழையோடு சேர்ந்தே வருவதால் ஏறத்தாழ எல்லாத் தீயும் மனிதரால் மூள்பவை: மேய்ச்சலுக்குப் புதுப்புல் வேண்டி வைப்பது, அணைக்காமல் எறிந்த பீடி, பழம் பொறுக்கத் தரையைத் துப்புரவாக்க இடுவது, பகையால் இடுவது. மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்கும் என்பது தொன்றுதொட்ட நம்பிக்கை; இலக்கிய அழகு உடையது எனினும், காட்டுத்தீயின் காரணப் பட்டியலில் அதற்கு இடமளிக்கத்தக்க சான்று இல்லை.

தாவரத்தின் அளவைப் போலவே அதன் வகையும் அடுக்கும் தீயை மாற்றுகின்றன. உத்தராகண்டின் சிர் பைன் மரங்கள் கோடையின் நடுவே, மழைக்கு முந்திய மிக வறண்ட வாரங்களில், பிசின் நிறைந்த ஊசியிலைகளைத் தரையில் கொட்டுகின்றன. ஈரம் தங்காத, காற்றோட்டமுள்ள அந்தப் படுகை எளிதில் பற்றி வேகமாக ஓடும். தைலமரத்தின் இலையில் எண்ணெய் உண்டு. அதைவிடக் கேடானது கீற்றுக் கீற்றாக உரிந்து தொங்கும் அதன் பட்டை, எரிந்தபடியே காற்றில் பறந்து தீ முகத்துக்கு வெகுதொலைவில் புதுத்தீயை மூட்டுவது. 1843இல் நீலகிரிக்கு வந்த இம்மரமும், பின்னர் புல்வெளிகளை ஆக்கிரமித்த சீகை மரமும் அம்மலையின் தீயியல்பை மாற்றியுள்ளன. மண்ணில் உறங்கும் சீகை விதைகள் தீயின் வெப்பத்தால் முளைவிடுவதால், தீ அம்மரத்தை அழிப்பதற்கு மாறாகப் பெருக்குகிறது.

நீலகிரி, ஆனைமலை, பழனிமலை ஆகியவற்றின் மேற்பரப்பில் சோலைக்காடும் புல்வெளியும் அடுத்தடுத்து அமைந்திருப்பது தாவரத்தின் தீர்ப்பை மிகத் தெளிவாகக் காட்டும் காட்சி. ஒரே மழை, ஒரே வெப்பம், ஒரே மேடு. புல் எரிகிறது, சோலையின் விளிம்பில் தீ நின்றுவிடுகிறது. அடர்ந்த கூரையும் பாசி படிந்த தரையும் சோலைக்குள் ஈரத்தைக் காக்கின்றன. புல்லையோ கோடை வருவதற்கு முன்பே டிசம்பர், ஜனவரி மாதங்களின் உறைபனி கருக்கிவிடுகிறது. இப்புல்வெளிகள் மனிதர் காட்டை எரித்ததால் உண்டானவை என்ற கருத்து நெடுநாள் நிலவியது. நீலகிரியின் சதுப்புகளில் மட்கிப் படிந்த தாவரப் படிவுகளின் கரிம ஐசோடோப்புகளை ஆராய்ந்து 1993இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட வறண்ட காலத்திலேயே இங்குப் புல்வெளி பரவியிருந்ததைக் காட்டியது. தட்பவெப்பம் தாவரத்தைத் தீர்மானிக்க, தாவரம் தீயைத் தீர்மானிக்க, தீ மீண்டும் தாவரத்தின் எல்லைக்கோட்டைக் காத்துவரும் ஒரு நெடிய வட்டம் இங்கே இயங்கிவந்திருக்கிறது.

மலைப்புல்லின் தீ எத்துணை விரைவானது என்பதைத் தேனி மாவட்டக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேற்றத்துக்குச் சென்றோர் 20 பேருக்கு மேல் உயிரிழந்த துயரம் உணர்த்தியது. சரிவில் மேல்நோக்கி எரியும் தீயின் சுடர் முன்னுள்ள புல்லின் மீது சாய்ந்து அதை முன்னதாகவே உலர்த்துவதால், சரிவு 10 டிகிரி கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. 20 டிகிரிச் சரிவில் காய்ந்த புல்லில் ஓடும் தீயை மேல்நோக்கி ஓடும் மனிதர் விஞ்சுவது அரிது.

தாவர அடுக்கு மாறிப்போனதன் விளைவை முதுமலையும் பந்திப்பூரும் இன்று உண்ணிச்செடியின் வடிவில் எதிர்கொள்கின்றன. வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு அழகுச்செடியாகக் கொண்டுவரப்பட்ட இது, தரைக்கும் மரக்கிளைக்கும் நடுவே முன்பு இல்லாத ஓர் எரிபொருள் அடுக்கை உண்டாக்கியுள்ளது. புல்லில் முழங்கால் உயரத்தில் ஓடி மறையும் தரைத்தீ, காய்ந்த உண்ணிப் புதரில் ஏணிப்படிகளில் ஏறுவதுபோல் ஏறி மரக்கூரையைத் தொடுகிறது. தீயே உண்ணிக்கு இடம் திறந்துவிடுகிறது, உண்ணி மேலும் கடுந்தீக்கு வழிசெய்கிறது என்று சூழலியலாளர் ஒரு சாரார் கருதுகின்றனர்.

பிலிகிரிரங்கன் மலையின் சோளகப் பழங்குடியினர் கூறுவது வேறு. கோடையின் தொடக்கத்தில், சருகு அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போதே, மெல்லிய சருகுத்தீ இட்டு அடித்தளத்தைத் துப்புரவாக வைத்திருந்தது அவர்கள் வழக்கம். 1974இல் அம்மலை சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின் அது தடைப்பட்டது. தீ நின்ற பின்னரே உண்ணி காட்டை மூடியது என்பது அவர்கள் வாதம். இரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினும், பேசப்படும் தீ வேறு வேறு. ஈரம் முழுதும் நீங்காத ஜனவரியின் குளிர்ந்த தீ உண்ணியின் கன்றுகளை அழிக்க வல்லது. மார்ச்சின் கடுந்தீ மரக்கன்றுகளை அழித்து, வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் உண்ணிக்கு வெளியைத் தந்துவிடுவது. ஆயினும் ஆளுயரத்துக்கு மேல் உண்ணி மண்டிவிட்ட இடத்தில் இன்று பழைய சருகுத்தீயை இட இயலாது. புதரை வேரோடு களைந்து, புல் மீண்டும் வந்த பிறகே அதைப் பற்றிப் பேசலாம். சோளகர் முறையை வெறும் ஏக்கத்தோடு மீட்க நினைப்போர் இவ்விடைப்பட்ட வேலையைக் கணக்கில் கொள்வதில்லை.

புவி வெப்பமாதல் இத்தகைய நிலங்களை எப்படிப் பாதிக்கும் என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. எரிபொருள் மிகுந்து ஈரமே தடையாக உள்ள காடுகளில் விளைவு ஐயமற்றது: 1984க்கும் 2015க்கும் இடையில் மேற்கு அமெரிக்காவில் எரிந்த காட்டின் பரப்பு, மனிதரால் நேர்ந்த வெப்ப உயர்வு இல்லாதிருந்தால் ஏறத்தாழப் பாதியளவாகவே இருந்திருக்கும் என அபட்சோகுலூ, வில்லியம்ஸ் ஆகியோரின் 2016ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிட்டது. அதே காலப்பகுதியை ஒட்டி, 1998 முதல் 2015 வரை, உலகில் ஆண்டுதோறும் எரியும் மொத்தப் பரப்பு ஏறத்தாழக் கால்பங்கு குறைந்தது என்பதும் செயற்கைக்கோள் பதிவு காட்டும் உண்மை. சவானாக்கள் வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறித் துண்டுபட்டதே இக்குறைவின் முதன்மைக் காரணம். தீ குறைந்தது புல்வெளிகளில், கூடியது காடுகளில் என்பதால் இக்குறைவு ஆறுதலுக்கு உரியதன்று. முதுமலையின் மேற்குப் பகுதி இதில் மேற்கு அமெரிக்காவின் பக்கம் நிற்கிறது. வெப்பம் கூடி, கோடையின் தொடக்க மழையான மாஞ்சாரல் பிந்தினால் இதுவரை ஈரத்தால் காக்கப்பட்ட மரக்கூட்டங்களும் எரியத்தக்கவை ஆகும். கிழக்கின் எதிர்காலமோ வெப்பத்தைவிடப் பருவமழையின் ஏற்றத்தாழ்வையே மிகுதியும் சார்ந்தது; பெருமழை ஆண்டும் வறட்சி ஆண்டும் மாறிமாறி வருவது அங்கே தீக்கு மிகவும் உகந்த வரிசை.

டேராடூனில் உள்ள இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் செயற்கைக்கோள் வழியே தீயைக் கண்டறிந்து அனுப்பும் எச்சரிக்கைகள் தீ மூண்ட பின்னரே எழுபவை. மழைக்கும் தீக்கும் உள்ள மேற்கூறிய உறவோ தீக்கு முன்பே பேசக்கூடியது. கிழக்கு முட்காட்டில் வரவிருக்கும் கோடையின் ஆபத்தைச் சொல்லும் மழைக்கணக்கு டிசம்பரிலேயே முடிந்து கையில் இருக்கிறது. தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுவதற்கும் காவலர்களை எங்கே கூடுதலாக நிறுத்துவது என முடிவுசெய்வதற்கும் இரு மாத அவகாசம் கிடைக்கும். மேற்கில் அந்த அவகாசம் இல்லை. அங்கே கோடையின் முதல் மழையைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். அது பெய்யாமல் நழுவும் ஒவ்வொரு வாரமும் ஆபத்தைக் கூட்டும். கிழக்குக்கு ஒரு முறை வகுத்துவிடும் திட்டம் போதுமாக இருக்க, மேற்குக்கு வாரந்தோறும் மாற்றி எழுதப்படும் திட்டம் தேவைப்படுகிறது.